ஆசிட் கேனில் என்ன இருந்தது? வடசென்னைப் பள்ளி ஒன்றில் ரசாயனப் பாதுகாப்புத் தகவல்: ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்று. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலையில், மாணவிகள் கழிவறையைக் கழுவப் போன தூய்மைப் பணியாளர் ஒருவர் குளோரின் வாயுவைச் சுவாசித்து மூச்சுத் திணறி விழுந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு நல்லபடியாகத் திரும்பினார். பேப்பரில் வரவில்லை, போலீஸ் வரைக்கும் போகவில்லை. ஆனால் அன்று அவரைச் சுற்றி நின்ற யாருக்கும் அந்தக் கேனில் என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கான விடை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. ஏன் அது கிடைக்கவில்லை, கிடைக்கச் செய்ய என்ன பாடு பட வேண்டியிருந்தது என்பதுதான் இந்த ஆய்வு.

நான் மணலி பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பள்ளியின் பழைய மாணவன் என்பதால் எச்.எம். கூப்பிட்டு, வந்து பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பள்ளி, மருத்துவமனை, ஆட்கள், கடை எதன் பெயரையும் இங்கே தரவில்லை. நான் பார்த்துப் பேசிய அளவில், வேறு பல பள்ளிகளிலும் நிலைமை இதேதான்.

அன்று காலை

பள்ளியில் போர்வெல் தண்ணீர். வடசென்னைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு உப்பு என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழிவறை பத்து நாள் புழங்காமல் கிடந்தால் கோப்பையிலும் தரையிலும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கறை கெட்டிப்பட்டுப் போகும். பினாயிலுக்கும் சோப்புத்தூளுக்கும் அது அசையாது. ஆசிட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும், ஏனென்றால் கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதனால்தான் ஊரெங்கும் ஸ்டோர் ரூம்களில் ஆசிட் கேன் இருக்கிறது. துடைப்பம், பக்கெட் போல அதுவும் ஒரு கழுவும் சாமான், அவ்வளவுதான்.

தூய்மைப் பணிக்கு இரண்டு பேர். மூத்தவர் பதினைந்து வருடத்துக்கும் மேலாக அங்கே இருப்பவர், பிள்ளைகள் எல்லாரும் ஆயாம்மா என்று கூப்பிடுவார்கள். இளையவர் ஏஜென்சி மூலம் வந்து சில மாதம்தான் ஆகிறது. இளையவர் முதலில் போய்த் தரையிலும் கோப்பைகளிலும் ஆசிட்டை ஊற்றி, ஊறட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மூத்தவர் அதே கழிவறைக்கு வந்தார். நாற்றம் தாங்கவில்லை. தரை ஈரமாக இருந்ததால் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று நினைத்து, ப்ளீச்சிங் பவுடரை இரண்டு கை அள்ளித் தூவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

ப்ளீச்சிங் பவுடரில் இருப்பது ஹைப்போகுளோரைட்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதன்மேல் பட்டால் குளோரின் கிளம்பும். பவுடருக்குப் பதில் திரவ ப்ளீச் இருந்தாலும் கதை அதேதான். குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையை ஒட்டியே தங்கும். நின்றுகொண்டு கழுவுகிறவருக்கு முதலில் கண் எரியும், இருமல் வரும், வெளியே ஓடிவிடலாம். உட்கார்ந்து தேய்க்கிறவரின் மூக்கு அந்த வாயுவுக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு, புறா உள்ளே வருகிறது என்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இளையவர்தான் அவரை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடா வாங்கி வர ஓடினார், ஒருவர் பால் கொடுக்கச் சொன்னார். பி.டி. மாஸ்டர் இரண்டையும் தடுத்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, காற்று வரும்படி கூட்டத்தை விலக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அது சரியான காரியம். மூச்சுக்குத் தவிக்கிறவருக்கு எதையாவது குடிக்கக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டது நான்கு கேள்விகள். என்ன கெமிக்கல், எதோடு எது கலந்தது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், எப்போது நடந்தது. பி.டி. மாஸ்டருக்குத் தெரிந்தது "பாத்ரூம் ஆசிட் சார்" என்பது மட்டும். பள்ளிக்கு போன் போட்டார். ஆபீஸிலும் அதையே சொன்னார்கள். பவுடர் தூவிய விஷயம் இளையவருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் இழுத்துப் போட்டபோது அதை மிதித்தது அவர்தான். அவரோ ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டும் என்று நெடுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தகவல் வந்த பிறகுதான் டாக்டரின் முடிவு மாறியது. ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்ததில் மூச்சு ஓரளவு சீராகியிருந்தது, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு இருந்தது. குளோரின் என்று தெரிந்ததும், இரவு இங்கேயே இருக்கட்டும் என்றார். குளோரினை அதிகம் சுவாசித்தவர்களுக்கு முதலில் சரியானது போல் தோன்றி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதைக் கண்காணிப்பில் வைத்துத்தான் பிடிக்க முடியும். ஒரு தூய்மைப் பணியாளர் அன்று இரவை வீட்டில் கழிப்பதா, மருத்துவமனையில் கழிப்பதா என்பதை ஒரு வரித் தகவல் தீர்மானித்தது. ஒரு ரசாயனத்தின் அபாயம், முதலுதவி, எதோடு சேரக்கூடாது என்பதெல்லாம் எழுதியிருக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் வெறும் காகிதம்தானே என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கேனும் பில்லும்

நான் போனபோது கேன் ஸ்டோர் ரூமிலேயே இருந்தது. ஐந்து லிட்டர் நீலக் கேன், முன்பு வேறு எதற்கோ இருந்தது. லேபிளைக் கிழித்த இடத்தில் கோந்துத் தடம் மட்டும் பாக்கி. மூடிக்கு அடியில் பாலித்தீன் கவர் வைத்து இறுக்கியிருந்தார்கள், அப்படியும் ஆவி கசிந்து, பக்கத்திலிருந்த இரும்பு ரேக்கின் கால் செதில் செதிலாக உரிந்திருந்தது. உள்ளே லேசான மஞ்சள் திரவம். மூடியைத் திறந்தால் புகைந்தது.

ஆபீஸில் பில்லை எடுத்துப் பார்த்தோம். "கிளீனிங் மெட்டீரியல்", ஒரு தொகை, ஒரு கையெழுத்து. கடைக்காரருக்கு போன் செய்தால், பெரிய டிரம்மில் வரும், கேனில் ஊற்றிக் கொடுப்போம், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அந்த டிரம் எந்தக் கம்பெனியுடையது, எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவருக்கும் தெரியவில்லை.

பள்ளியின் லேப் அசிஸ்டன்ட்டுக்குத் தெரிந்திருக்கும். அன்று அவர் லீவு. பிளஸ் டூ வேதியியல் டீச்சர் முதல் மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு விஷயம் மத்தியானம்தான் தெரிந்தது. உடனே லேபிலிருந்து அம்மோனியா பாட்டிலின் மூடியை மட்டும் எடுத்து வந்து கேனின் வாயருகே காட்டினார். அடர்த்தியாக வெண்புகை கிளம்பியது. ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். பிளஸ் ஒன் பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வில் செய்கிற சோதனைதான் இது. மஞ்சள் நிறம் இரும்புக் கலப்பால் வருவது, வணிகத்தர அமிலத்தின் அடையாளம். ஒரு மாடி ஏறி யாரும் கேட்காததால், காலையில் தெரிந்திருக்க வேண்டியது மத்தியானம் தெரிந்தது.

ஆபீஸ் பீரோவில் "சேஃப்டி" என்று தடித்த எழுத்தில் ஒரு ஃபைல் இருந்தது. ஆவலாகத் திறந்தேன். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு இவற்றைப் பார்க்காமல் யாரும் அங்கீகாரம் புதுப்பிப்பதில்லை. நல்லது. ஆனால் அந்த ஃபைலில் பள்ளிக்குள் வருகிற ரசாயனங்களைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை.

சட்டம் எதுவரை வருகிறது

1984 டிசம்பரில் போபாலில் என்ன வாயு கசிந்தது, அதற்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்கே தெரியாத இரவு ஒன்று இருந்தது. அதன் விளைவாகத்தான் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி, 111ஏ போன்ற பிரிவுகளைச் சேர்த்தார்கள். அபாயங்களைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும், கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று எழுதினார்கள். 1989-ல் வந்த அபாயகர ரசாயனங்கள் விதிகள், தயாரிக்கிறவரும் கையாளுகிறவரும் பாதுகாப்புத் தகவல் தாள் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளே இருப்பது என்ன, தயாரித்தவர் யார் என்று தெளிவாக இருக்க வேண்டும் என்கின்றன. எங்கள் தொழிற்சாலையில் இந்தத் தாள் இல்லாமல் ஒரு டிரம்கூட கேட்டைத் தாண்டாது.

பள்ளிக்கூடம் தொழிற்சாலை இல்லை. இந்த ஏற்பாடு பள்ளியின் கேட் வரை வந்து நின்றுவிடுகிறது. தாளைத் தயாரிக்கும் கடமை கம்பெனிக்கு இருக்கிறது, தாளும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி ஆயாம்மா கையில் சேர்க்க வேண்டும் என்று பள்ளியில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பள்ளிக்கும் நேராகப் பொருந்தும், அது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு சில்லறை விற்பனைக்கு மட்டும் ஆனதில்லை. ஆசிட் வைத்திருக்கிற கல்வி நிறுவனங்கள் பயன்பாட்டுப் பதிவேடு வைக்க வேண்டும், அதைக் கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரியிடம் தாக்கல் செய்ய வேண்டும், பத்திரமாக வைக்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பள்ளியில் லேப் ஆசிட்டுக்கு ஸ்டாக் ரெஜிஸ்டர் இருந்தது. கழிவறை ஆசிட் எந்தக் கணக்கிலும் இல்லை, லேபில் இருந்ததைவிடப் பல மடங்கு அளவு இருந்தும்.

பூச்சிமருந்து விஷயத்தில் நம் சட்டம் இதைவிடக் கவனமாக இருக்கிறது. 1968-ம் வருடச் சட்டமும் அதன் விதிகளும் ஒவ்வொரு டப்பாவிலும் நிறமிட்ட சாய்சதுரக் குறி போடச் சொல்கின்றன. சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. உள்ளே வைக்கும் துண்டுத்தாள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். பள்ளியில் கரையானுக்கு அடித்த மருந்தின் காலி டப்பாவை எடுத்துப் பார்த்தோம், தமிழில் தாள் இருந்தது, விஷமுறிவு பற்றி ஒரு பத்தியும் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை வருகிற மருந்துக்குத் தமிழில் தாள் உண்டு, தினமும் கையில் படுகிற ஆசிட்டுக்குப் பெயர்கூட இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1983-லேயே கொண்டுவந்த அறியும் உரிமைச் சட்டத்துக்குள் பொதுப் பள்ளிகளும் வருகின்றன. செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது.

லேபில் பார்த்தது

கழிவறைக்காகப் போனவன், லேபையும் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆசிட் அலமாரியில் பாட்டில்களின் கழுத்தெல்லாம் வெள்ளையாக மாவு படிந்திருந்தது. விரலால் தொட்டு வழித்தால் கோடு விழுகிற அளவுக்கு. அம்மோனியா பாட்டிலும் ஹைட்ரோகுளோரிக் பாட்டிலும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில். இரண்டின் ஆவியும் கலந்து அம்மோனியம் குளோரைடாகப் படிந்துகொண்டே வந்திருக்கிறது. அதே ஆவியில் லேபிள்கள் பழுப்பேறிப் பொடிந்து, சிலவற்றில் எழுத்தே இல்லை. லேப் அசிஸ்டன்ட்டைக் கேட்டால் ஒவ்வொன்றையும் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார், ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபது வருட அனுபவம். ஆனால் அவர் லீவு போட்ட நாளில் அந்த அலமாரிக்கு வாய் கிடையாது.

பியூரெட், பிப்பெட் கழுவ அவர் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் சேர்த்த கரைசலைப் பயன்படுத்துகிறார். கண்ணாடி பளிச்சென்று ஆகும், பல லேப்களில் பழக்கம்தான். கையுறை இல்லை. விரலிடுக்குகளில் ஆறாத வெடிப்புகள். "ஆசிட் பட்டா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். டைகுரோமேட்டின் தகவல் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து 2-ம் பிரிவையும் 11-ம் பிரிவையும் படித்துக் காட்டினேன். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தோலில் ஒவ்வாமையும் புண்ணும் வரும் என்று இருந்தது. அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லையே சார்" என்றார். அவர் கை வெடிப்புக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, அதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தாளின் நகலோடு அவரை அனுப்பி வைத்தோம். குரோமிக் கரைசலை நிறுத்தி, சோப்பும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவச் சொல்லியாகிவிட்டது. பள்ளிச் செய்முறைக்கு அந்தச் சுத்தம் போதும்.

இயற்பியல் லேபில், உடைந்த பாரோமீட்டரின் பாதரசத்தைப் பழைய காபித்தூள் பாட்டிலில் பிடித்து ஜன்னல் ஓரம் வைத்திருந்தார்கள். பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும், அந்த ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது. உடைந்த அன்று சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்கினார்களாம். பெருக்கினால் இன்னும் பொடிமணியாகச் சிதறித் தரை விரிசலுக்குள் போய்விடும். இதுவும் தாளில் இருக்கிறது, 6-ம் பிரிவில்.

சத்துணவுக் கூடத்துக் கேன்

நான் பார்த்ததிலேயே அதிகம் கலங்கியது இங்கேதான். சமையலறைக்கு வெளியே, பாத்திரம் கழுவுகிற இடத்தில், தண்ணீர் பிடித்து வைத்திருந்தது ஒரு நீலக் கேன். ஸ்டோர் ரூமில் பார்த்த அதே வகை, அதே கோந்துத் தடம். நல்லாக் கழுவித்தான் வைத்தோம் என்றார் சமையலர். அவர் பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் கழுவியிருந்தார்.

2013 ஜூலை 16, பிகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமப் பள்ளி. மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோஃபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது, அந்த மருந்து இருந்த கேனில் எண்ணெயை வைத்திருந்தார்கள் என்று விசாரணையில் தெரியவந்தது. லேபிள் இல்லாத காலிக் கேன் எங்கெங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். இங்கே நீலக் கேன்கள் எல்லாவற்றையும் அன்றே ஓட்டை போட்டு எடுத்துவிட்டோம். எச்.எம். உடனிருந்து செய்தார்.

தாள் வாங்கிய கதை

பாதுகாப்புத் தகவல் தாள் உலகம் முழுக்க இப்போது ஒரே வரிசையில் 16 பிரிவுகளாக வருகிறது. எல்லாவற்றையும் எல்லாரும் படிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கு அவசரமானவை 2-ம் பிரிவு அபாயம், 4 முதலுதவி, 6 சிந்தினால் செய்ய வேண்டியது, 7 வைக்கும் முறை, 8 கையுறை, கண்ணாடி, 10 எதோடு சேரக்கூடாது. அன்று காலை நடந்தது முழுக்க 10-ம் பிரிவில் அடங்கிவிடும்.

கடைக்காரரிடம் கேட்டோம். "அதெல்லாம் ஃபேக்டரியில கேப்பாங்க சார், ஸ்கூல்ல யாரும் கேட்டதில்ல" என்றார். மறுபடி கேட்டோம், பார்க்கலாம் என்றார். அப்புறம் எச்.எம். ஒரு வேலை செய்தார். அடுத்த ஆர்டரிலேயே, ஒவ்வொரு பொருளுக்கும் தகவல் தாள் வந்தால்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒரு வரி எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்கு நான் எழுதித் தந்த நீளமான கடிதத்தைவிடப் பலம் அதிகம். பினாயிலுக்கும் ப்ளீச்சிங் பவுடருக்கும் தரை கழுவும் திரவத்துக்கும் தாள்கள் வந்து சேர்ந்தன. கேன் ஆசிட்டுக்குக் கடைசிவரை வரவில்லை, வரவும் முடியாது, தயாரித்தவர் யாரென்றே தெரியாதபோது. ஆகவே அதை வாங்குவது நின்றது.

வந்த தாளை அப்படியே ஃபைலில் போட்டுவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திரவ ப்ளீச்சுக்கு வந்தது 5 சதவீதக் கரைசலுக்கான தாள். கேனின் லேபிளில் இருந்ததோ 10 சதவீதத்துக்கு மேல். தோலில் பட்டால் என்ன ஆகும் என்பது வீரியத்தைப் பொறுத்து மாறும், தாளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பாமல் சிஏஎஸ் எண்ணைப் பார்ப்பது நல்லது. அது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உலகளவில் உள்ள ஒரே அடையாள எண். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு 7647-01-0, சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு 7681-52-9, கால்சியம் ஹைப்போகுளோரைட்டுக்கு 7778-54-3. லேப் ரசாயனங்களுக்கு இது இன்னும் எளிது, பாட்டிலில் எண் இருக்கும், தயாரித்த கம்பெனியின் தளத்தில் அதைப் போட்டாலே தாள் வந்துவிடும், காசு கிடையாது. டீச்சர் பிளஸ் ஒன் பிள்ளைகள் சிலரை வைத்துக்கொண்டு லேபுக்கான தாள்கள் முழுவதையும் இறக்கி, அகர வரிசையில் அடுக்கிவிட்டார்.

சுவரில் மாட்டிய அட்டை

தாள்கள் வந்தன, அத்தனையும் இங்கிலீஷில். அதைப் பீரோவில் பூட்டினால் பழைய நிலைமைதான். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் தமிழில் எழுதுவது என்று முடிவானது. எழுதுவதற்கு முன் இரண்டு பணியாளர்களையும் சமையலரையும் லேப் அசிஸ்டன்ட்டையும் உட்கார வைத்து, சாயங்கால டீயோடு பேசினோம். ஆயாம்மா உடம்பு தேறி வந்திருந்தார். நான் முதலுதவியிலிருந்து ஆரம்பித்தேன். அவர் இடைமறித்தார். "அதெல்லாம் அப்புறம் சார். எது கூட எது சேரக்கூடாது, அத மொதல்ல சொல்லுங்க. சேராம இருந்தா முதலுதவியே வேணாமே." அட்டையின் முதல் வரி அப்படித்தான் மாறியது.

அடுத்து அவர் சொன்னது, "எனக்குப் படிக்க வராது சார், கலர் தெரியும்." ஆகவே ஆசிட் வகை எல்லாவற்றின் மூடியிலும் சிவப்புப் பெயின்ட், ப்ளீச் வகை எல்லாவற்றிலும் நீலப் பெயின்ட். சிவப்பு கீழ்த்தள ஸ்டோரில், நீலம் மேல்தளத்தில். இரண்டும் ஒரே நாளில் ஒரே கழிவறைக்குள் போகக் கூடாது. கழிவறைக் கதவில் சாக்பீஸால் கோடு போடுவது இளையவரின் யோசனை. உள்ளே சிவப்பு ஊற்றினால் கதவில் சிவப்புக் கோடு, நீலம் ஊற்றினால் நீலக் கோடு, மறுநாள் காலை தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் அழிப்பது. பள்ளிக்கூடத்தில் கலர் சாக்பீஸுக்குப் பஞ்சமில்லை. இருபது வருடமாகப் பாதுகாப்புத் துறையில் இருக்கிற எனக்கு இது தோன்றியிருக்காது. அன்று காலை ஈரத் தரையைப் பார்த்து ஏமாந்தவருக்குத் தேவைப்பட்டது இந்தக் கோடுதான்.

கறைக்கு இப்போது லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் அமிலத் தூள். வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஊற வைத்துத் தேய்க்க வேண்டும். வேலை கூடுதல், நேரமும் கூடுதல், அதை மறைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை விடாமல் செய்தால் கறை கெட்டிப்படுவதில்லை. ஒரு விஷயம் முக்கியம்: இதுவும் அமிலம்தான், ப்ளீச்சோடு சேர்ந்தால் இதிலும் குளோரின் வரும். லெமன் சால்ட் டப்பாவுக்கும் சிவப்பு மூடி. வென்டிலேட்டர் அட்டையை எடுத்துவிட்டு வலை அடித்தாயிற்று.

அட்டையின் அடியில் இரண்டு எண்கள் பெரிதாக: 108, அப்புறம் தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. அதற்குக் கீழே, மருத்துவமனைக்குப் போகிறவர் டப்பாவின் லேபிளை போனில் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும், கடைசியாக உள்ளே வேலை செய்தவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. முழுத் தாள்கள் அட்டைக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்குகின்றன. ஸ்டோர் ரூம், லேப், சமையலறை மூன்றிலும். ஆபீஸில் ஒரு நகல்.

ஆண்டு முழுக்க ஆசிரியர்களுக்கு எத்தனையோ பயிற்சி வைக்கிறோம். அந்த அட்டவணையில் தூய்மைப் பணியாளரும் லேப் அசிஸ்டன்ட்டும் சமையலரும் பெரும்பாலும் இருப்பதே இல்லை. ரசாயனத்தைத் தொடுகிறவர்கள் அவர்கள்தான். ஒரு மாலை நேரம் டீயோடு உட்கார்ந்ததில் எனக்குக் கிடைத்தது எந்தத் தாளிலும் இல்லை.

இன்னும் முடியாதவை

ஏஜென்சி ஆள் மாற்றிக்கொண்டே இருக்கும். இளையவரும் இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு முதல் நாளே மூடி நிறத்தையும் சாக்பீஸ் கோட்டையும் சொல்லிக் கொடுத்தது ஆயாம்மா. ஆனால் அது அவர் விருப்பத்தில் நடந்தது. வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளில் இதைச் சொல்லித் தந்து கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஏஜென்சி ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம், அடுத்த புதுப்பிப்பில்தான் வரும். கையுறை வாங்கியாயிற்று, ஆனால் வந்தது பெரிய சைஸ், கைக்குள் வழுக்குகிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். அளவு பார்த்து மாற்ற வேண்டும்.

ஆசிட் பதிவேட்டில் இப்போது லேபும் ஸ்டோரும் சேர்ந்தே இருக்கின்றன. பொறுப்பு லேப் அசிஸ்டன்ட்டுக்கு, அவர் லீவில் இருந்தால் டீச்சருக்கு.

மிச்சம் இருப்பது லேபின் பழைய சரக்கு. பாதரசம், டைகுரோமேட்டுக் கரைசல், எழுத்தழிந்த லேபிளுள்ள சில பாட்டில்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது, குப்பை வண்டியிலும் போடக் கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அபாயக் கழிவுகளுக்கான பொது மையம் இருக்கிறது, ஆனால் அந்த ஏற்பாடு டன் கணக்கில் அனுப்புகிற தொழிற்சாலைகளை மனதில் வைத்தது. அரைக் கிலோ பாதரசத்துக்காக ஒரு பள்ளி தனியாக வண்டி வைத்து அனுப்ப முடியாது. ஒரு மாவட்டத்தின் பள்ளிகளிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை ஒன்றாகச் சேகரித்து அனுப்ப ஏற்பாடு செய்யும்படி எச்.எம். மேலே எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தோடு லேபில் தயாரித்த பட்டியலையும் இணைத்திருக்கிறோம்: ஒவ்வொரு பொருளின் பெயர், சிஏஎஸ் எண், அளவு. பதில் வரும்வரை பாதரச பாட்டில் இறுகிய மூடியுள்ள டப்பாவுக்குள், பெயர் எழுதி, இயற்பியல் லேபில் இல்லாமல் பூட்டிய ஸ்டோரில் இருக்கிறது.